இடது பக்க ஸ்பீக்கர்

இடது பக்க ஸ்பீக்கர் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. அது சுகந்தினிக்கு மூன்று மாதமாகத் தெரியும். தெரிந்தும், அந்த ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று வேறு ஆம்ப்ளிபயர் வாங்கக் கிளம்பிய புருஷனோடு, மடியில் அந்த ஸ்பீக்கரையே வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நிவித்திகலவிலிருந்து இரத்தினபுரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் கிருஷாந்த், மடியில் வலது பக்க ஸ்பீக்கரோடு, கல்யாணத்துக்குப் போகிறவன் போல உட்கார்ந்திருந்தான். பழைய ஆம்ப் அரிசிச் சாக்குக்குள் காலடியில் கிடந்தது.

மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் அவளுடைய தம்பி சதீஸ் கொடுத்தவை. அவன் வேலை செய்யும் கொழும்பு ஹோட்டலில் புதிது மாட்டியபோது இவற்றைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து அக்கா வீட்டில் இறக்கினான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடைய முன்னறை எட்டுக்குப் பத்து அடி. ஒரு ஸ்பீக்கரை அலமாரி மேலும் மற்றதைத் தையல் மெஷின் மேலும் வைத்துவிட்டு, நடுவில் ஒரு கதிரையைப் போட்டால் அறை முடிந்தது. ஒரு வீட்டுக் காம்பிராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பிராவுக்கும் இடையில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் பக்கத்துக் காம்பிரா இருளாயிக்கும் பாட்டு இலவசம். சத்தம் கூடினாலும் சுவரைத் தட்டுவாள், பிடித்த பாட்டு வந்தாலும் தட்டுவாள். எது எதற்கு என்று கண்டுபிடிப்பது கேட்பவர் பாடு. இந்த வருஷம் அவள் தட்டியது கொஞ்சம் அதிகம்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் கிருஷாந்த் அந்தக் கதிரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று, இடது பக்கம் சத்தமே வரவில்லை, கொஞ்சம் பார் என்றான். சுகந்தினி கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டுப் போய், குனிந்து, தையல் மெஷின் மேல் இருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தாள். பாட்டு கணீரென்று வந்தது. அவளுக்குப் புரிந்துபோயிற்று. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பதிலுக்குக் காத்திருந்தான். "ஆமாங்க, கம்மியாத்தான் இருக்கு. செட்டு பழசாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

ஒரு வாய் பொய். அதற்கு இவ்வளவு பெரிய வால் முளைக்கும் என்று யார் கண்டார்கள்?

கிருஷாந்த் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலிங் ரூமில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறான். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். வாடிய கொழுந்தை உருட்டுகிற அந்த மெஷின்கள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே இருப்பவர்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். சத்தமில்லாமல் வாயை அசைத்தே சம்பளத்தைப் பற்றியும் சண்டை போடுவார்கள், சாயங்காலம் என்ன கறி என்றும் விசாரிப்பார்கள். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகாது, எதிரில் இருப்பவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் தோட்டத்தில் ஒரு ஸ்டோர்க்காரனுக்குக் காது மந்தமாகிறது என்று கண்டுபிடிப்பது லேசில்லை. சுகந்தினியே ஏமாந்தாள். நான் பேசினால் என் மனுசன் கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக் கேட்பார் என்று கொழுந்து மலையில் மற்றப் பெண்களிடம் பீற்றிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஸ்பீக்கரில் காதை வைத்த அன்றிலிருந்து எல்லாமே கண்ணில் படத் தொடங்கியது. மகள் தினுஷா பின்னாலிருந்து அப்பா, அப்பா என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, நான்காவது முறை முன்னால் வந்து நின்று கூப்பிட்டாள். ஆறு வயதுப் பிள்ளை, தானாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டது. போனில் படம் பார்க்கும்போது காதில் மாட்டுகிற இரண்டு வயரில் இடது பக்கத்து வயர் அவன் நெஞ்சில்தான் தொங்கியது. இன்றைக்கும் பஸ்ஸில் கொண்டக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்தியபோது அவன் முன்னால் நகரவில்லை. சுகந்தினி முழங்கையால் இடித்த பிறகுதான் நகர்ந்தான். பிறகு எப்போதும் போல இடது பக்க வரிசையில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தான். வலது பக்க வரிசையில் எவ்வளவு இடம் இருந்தாலும் அவனுக்கு அது ஆகாது. வாந்தி வரும் என்று சொல்லுவான்.

போன வருஷம் வேறொரு தோட்டத்து ஸ்டோரில் ஒருவர் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தியது காதில் விழாமல் இரண்டு விரலைக் கொடுத்தார். அந்தக் கதையைக் கிருஷாந்த்தான் வந்து சொன்னான். அவனுடைய காது விஷயம் ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கருக்குத் தெரிந்தால் ரோலிங் ரூமிலிருந்து எடுத்து மலைக்குப் புல் வெட்ட அனுப்பிவிடுவார். அந்த மெஷினைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பேசுகிறவன் அதைத் தாங்கமாட்டான். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் கை போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று மாதம் ஒன்றும் சொல்லாமலே ஓட்டிவிட்டாள்.

அவன் பாவம், அந்த மூன்று மாதமும் ஆம்ப் தேடினான். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணி ஆறுவதற்குள் சரியென்று சொல்லிவிட்டுப் போனவன், ஆம்ப் பார்க்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். சின்ன அறைக்கு எத்தனை வொட்ஸ், எது சூடாகும், சாயங்காலம் ஸ்டோரில் காற்றாடி போடும்போது லயத்தில் கரண்ட் இறங்குமே, அதை எது தாங்கும் என்றெல்லாம் கொப்பியில் எழுதிவைத்தான். சுகந்தினி பக்கத்தில் இருந்து ம் கொட்டினாள். அவளுக்கு ஒரே ஒரு கணக்குத்தான். புது ஆம்ப் வீட்டுக்கு வரும், அவன் கதிரையில் உட்காருவான், பாட்டைப் போடுவான், அப்போதும் இடது பக்கம் சத்தம் வராது. அந்த நிமிஷத்தில் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஆம்ப் விற்கிற ஜுனைதீன் நானாவின் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. வழியில் வீதியோரம் மாணிக்கக் கல் பார்க்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். கையில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போகிறவர்களிடமும் ஒருவர் கல் பொதிந்த கடதாசி மடிப்பை விரித்துக் காட்டினார். கடைக்குள் தரையிலிருந்து கூரை வரைக்கும் ரேடியோவும் ஆம்பும்தான். நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி நெற்றியில் இருந்தது. போனிலேயே பேசி, ஸ்பீக்கரைக் கொண்டுவாருங்கள், பழைய செட்டையும் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வசனம்தான் சுகந்தினியை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. பழைய செட்டை நானா போட்டுப் பார்த்தால் அது இரண்டு பக்கமும் பாடும். பாரமாக இருக்கிறது, வைத்துவிட்டுப் போவோம் என்று காலையில் சொல்லிப் பார்த்தாள். கிருஷாந்த் அதற்குள் அதைச் சாக்கில் போட்டுக் கட்டியிருந்தான்.

நானா முதலில் அறை எவ்வளவு என்று கேட்டார். எட்டுக்குப் பத்து என்றான் கிருஷாந்த், அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப வொட்ஸ் பெரிசா போட்டீக்கிறதப் பார்த்து ஏமாந்துராதீங்க தம்பி. முப்பது வொட்ஸ் உங்கட ரூமுக்கு. அதுக்கு மேல போறதெல்லாம் பக்கத்து ஊட்டுக்குத்தான்."

இருளாயியை நினைத்துச் சுகந்தினிக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்தது. நானா கடையின் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏறத்தாழ அவர்களுடைய அறை அளவுதான் அதுவும். ஸ்பீக்கர்களை இரண்டு ஸ்டூலில் வைத்து, நடுவில் கதிரையைப் போட்டு, கிருஷாந்தை உட்காரச் சொன்னார். எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கிற ஆம்ப்தான் சின்ன வீட்டுக்கு நல்லது, தனித்தனியாக வாங்கினால் வயரிலேயே வாழ்க்கை போய்விடும் என்று சொல்லிக்கொண்டே புது ஆம்ப் ஒன்றைப் பூட்டினார். கறுப்பு நிறம், மெலிந்த உடம்பு, புளூடூத் உண்டு. எந்த ஆம்பையும் பரிசோதிக்க அவர் ஒரே பாட்டைத்தான் போடுவாராம். அதில் மத்தளம் வலது பக்கத்திலும் புல்லாங்குழல் இடது பக்கத்திலும் மட்டும்தான் வரும் என்று விளக்கினார்.

சுகந்தினிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. நெஞ்சு அடிக்கிற அடியில் மத்தளமே அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவள் கிருஷாந்தின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தளத்துக்கு அவன் விரல் தொடையில் தாளம் போட்டது. பிறகு புல்லாங்குழல் வந்தது. அறையின் இடது பக்கம் முழுக்க அதுதான். நானா கண்ணை மூடித் தலையாட்டினார். கிருஷாந்தின் தலை அசையவேயில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து ஆம்பின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஸ்டோரில் மெஷினின் பெயாரிங் நல்லாயிருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் கையை வைப்பான். அவன் கையால் கேட்கப் பார்க்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

நல்லா இருக்கு நானா என்றான். இரண்டாவது ஆம்ப் பாரமானது, இரும்பு உடம்பு. உள்ளே பெரிய டிரான்ஸ்போமர் இருக்கிறது, கரண்ட் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும் என்றார் நானா. அதையும் நல்லா இருக்கு என்றான். ஆனால் இரண்டிலும் முன்பக்கத்துப் பட்டன்களை ஒன்றொன்றாகத் தடவிப் பார்த்தான். எதையோ தேடுகிறவன் போல இருந்தது. கொப்பியில் எழுதாத கேள்வி ஒன்று அவனிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

"சரி, பழைய செட்டத் தாங்க. என்ன பழுது எண்டு பார்ப்பம்" என்று நானா கையை நீட்டினார்.

"அது வேணாம் நானா. அது சரியாப் பழுது. சும்மா போட்டுப் பார்த்து என்ன செய்ய?" சுகந்தினி அவசரமாகக் குறுக்கே வந்தாள். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

கிருஷாந்துக்கு முதுகு இந்தப் பக்கம். அவள் சொன்னது அவனுக்கு எட்டியதா இல்லையா என்று தெரியவில்லை. அவன் குனிந்து சாக்கின் வாயை அவிழ்த்து, பழைய செட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தான். நானா வெளியே இருந்தே டோர்ச் அடித்து, கல்லுக்குள் வெடிப்புத் தேடுகிறவர் மாதிரி ஓட்டைகளுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வயரைப் பூட்டினார். சுகந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய் கரண்டை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தாள். அதற்குள் மத்தளம் தொடங்கிவிட்டது. பின்னாலேயே புல்லாங்குழலும் வந்தது, இடது பக்கத்திலிருந்து, ஒரு குறையும் இல்லாமல்.

நானா இரண்டு ஸ்பீக்கரிலும் மாறி மாறிக் காதை வைத்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"இதுல ஒரு பழுதும் இல்லையே தம்பி?"

"இல்ல நானா. செட்டுல ஒரு பழுதும் இல்ல" என்றான் கிருஷாந்த்.

அவன் சுகந்தினியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழுதில்லாத செட்டை வைத்துக்கொண்டு எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று நானா கேட்டார். கிருஷாந்த் அங்கிருந்த அலமாரியின் அடித்தட்டுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தூசி படிந்த ஓர் ஆம்பை வெளியே இழுத்தான். வெள்ளி நிற முகம், கனத்த குமிழ்கள், பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள். ஜப்பான் சாமான், ஒரு டொக்டரின் வீட்டிலிருந்து வந்தது, நாற்பது வருஷப் பழசு, புதிதை விட்டுவிட்டு அதை ஏன் பார்க்கிறீர்கள் என்று நானா சலித்துக்கொண்டார். இதையும் ஒருதரம் போட்டுக் காட்டுங்கள் என்று கிருஷாந்த் கேட்டான். சாமான் விற்கிறவர் மறுக்க முடியுமா? பூட்டிக் கொடுத்தார். மறுபடி அதே மத்தளம் தொடங்கியது.

கிருஷாந்த் கதிரையில் உட்காருவதற்கு முன்னால் அந்தச் சுவிட்சுகளில் ஒன்றை அமத்தினான். அது எது என்று முன்பே படித்து வைத்திருந்தவன் மாதிரித் தயங்காமல் அமத்தினான்.

"அது மோனோ" என்றார் நானா. "ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்டாக் கலந்து ரெண்டு ஸ்பீக்கருக்கும் குடுக்கும். இந்தக் காலத்துல அத யாரும் தொடுறதில்ல."

புல்லாங்குழல் வந்தது. இந்த முறை இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. கிருஷாந்தின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. வலது பக்கம் திரும்பி அந்த ஸ்பீக்கரையே பார்த்தான். புல்லாங்குழல் முடியும் வரைக்கும் பார்த்தான். அப்படியொரு முகத்தைச் சுகந்தினி தினுஷா பிறந்த அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்திருந்தாள்.

இதுவே இருக்கட்டும் நானா என்றான். நானாவுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதர், ஏமாற்றி விற்கத் தெரியாதவர். ஸ்டீரியோவை விட்டுவிட்டு மோனோவில் கேட்பது, வாங்கிய கறியில் பாதியை ஊற்றிவிட்டுச் சாப்பிடுவது மாதிரி என்று எடுத்துச் சொன்னார். கடைசியில் நேராகவே கேட்டார்.

"மோனோவுல கேக்கிறதுக்கு எதுக்குத் தம்பி ரெண்டு ஸ்பீக்கர்? ஒண்டு போதுமே."

கிருஷாந்த் அப்போதுதான் சுகந்தினியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒண்ணு எனக்கு" என்றான். "ஒண்ணு இவளுக்கு."

நானாவுக்கு என்ன புரிந்ததோ, கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, துணியை எடுத்து அந்த ஆம்பின் தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.

பழைய செட்டை நானாவிடமே மாற்றிக் கொடுத்துவிட்டு, இருவரும் பஸ் ஸ்டாண்டில் நிவித்திகல பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். பிறகு சுகந்தினி அவனுக்கு முன்னால் வந்து நின்று, எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். தைப்பொங்கலுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது என்றான். அவள் ஸ்பீக்கரைப் பார்த்த அடுத்த நாள், அவள் மலைக்குப் போன பிறகு, வயரை இடம் வலம் மாற்றிப் பூட்டிப் பார்த்திருக்கிறான். அப்போதும் இடது பக்கம்தான் ஊமையாக இருந்ததாம். பிறகு கதிரையைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். அதுவரைக்கும் செத்துக் கிடந்த ஸ்பீக்கர் பாடியது, பாடிக்கொண்டிருந்தது செத்துப்போனது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு? எனக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். வயர மாத்திப் பாத்தது சும்மா ஒரு நப்பாசைல."

சுகந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் தொடர்ந்து சொன்னான்.

"ஸ்பீக்கர்ல காத வச்சிட்டு நிமிந்து, சத்தம் கம்மியாத்தான் இருக்குன்னு சொன்னே. ஒன் வாய் அதத்தான் சொல்லிச்சு. மொகம் வேற சொல்லிச்சு. பன்னெண்டு வருசமா மொகத்தப் பாத்துத்தான புள்ள பேச்சக் கேக்குறேன்."

அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் சொன்ன பொய்தான் அவனுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறது. இதற்கா மூன்று மாதம் தூக்கத்தைத் தொலைத்தோம் என்று ஒரு பக்கம் கோபம் வந்தது. இத்தனை நாளும் இவன் தனியாக இதைச் சுமந்துகொண்டு, ராத்திரி தன் பக்கத்தில் படுத்திருந்தானே என்று நினைக்கையில் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. காதைப் பற்றிப் பேசியாயிற்று. கையைப் பற்றி இன்னும் பேசவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை, விடிந்தால் அவன் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்பான்.

பஸ் வந்தது. இடது பக்க வரிசை நிறைந்துவிட்டிருந்தது, வலது பக்கத்தில் ஒரு சீட் இருந்தது. கிருஷாந்த் தயங்கினான். சுகந்தினி அவனை முந்திக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். அப்படி உட்கார்ந்தால் அவனுடைய வலது காது அவள் பக்கம் இருக்கும். அவன் அந்த வெள்ளி நிற ஆம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்பீக்கர் இரண்டும் அவளுடைய மடியில் இருந்தன.

நகரம் தாண்டி ரப்பர் மரங்கள் தொடங்கின. அவள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் தன் முகம் மறுபடி வேறெதையாவது சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னாள். வழக்கத்தைவிடச் சத்தமாகவும் சொல்லவில்லை.

"நாளைக்கு டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லிருங்க."

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. ஒரு ஸ்டாப் வந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள். பதில் இல்லை. அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, அந்தக் காதும் போய்விட்டதா என்று அவள் பயந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போகிற மரங்களை எண்ணினாள். அடுத்த ஸ்டாப்பும் போயிற்று.

"சொல்றேன்" என்றான் கிருஷாந்த்.